குமிழ் மரத்துக்குத் தேக்கு வேஷம்

எங்கள் விஷ்ராந்த்வாடி வீட்டின் உள்ளறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். அதனால்தான் சுவர் அலமாரிக்கு வெளுப்பான குமிழ் மரமாகத் தேடிப் பிடித்தேன்.

“கலர் வேண்டாம், வார்னிஷ் மட்டும் போதும்” என்று தச்சரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

இன்று போசரி தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், கதவெல்லாம் கரும்பழுப்பு!

“நான்தான் தேக்கு கலர் அடிக்கச் சொன்னேன்” என்றாள் மனைவி. “வெள்ளையா இருந்தா, கம்பெனி பேக்கிங் மரப்பெட்டியைப் பிரிச்சு எடுத்துட்டு வந்து செஞ்சதுன்னு பேச மாட்டாங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள், எங்கள் தெருவிலேயே வீட்டில் டி.வி. வைத்திருக்கும் ஒரே மனிதரான பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அடேயப்பா, தேக்கா! கம்பெனிச் சம்பளத்துல இதெல்லாம் எப்படி சார் முடியுது?”

பெட்டி திருடியவன் என்ற பெயருக்குத் தப்பி, லஞ்சம் வாங்குகிறவன் ஆகிவிட்டேன். அறையோ முன்னைவிட இருட்டு; விளக்கு எரிகிறது. அவருக்கு என்ன பதில் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.