கோலில் இரண்டு கோடுகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உற்றார் உறவினர் முதலில் அண்ணனின் படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். படத்தில் அவருடைய வலது கண் மூடியிருக்கும். பார்த்ததும் பலருக்கும் அந்தப் பழைய கேள்வி வந்திருக்கும். அன்று அவர் குடித்திருந்தாரா, இல்லையா? அவர் முதுகுக்குப் பின்னால் அதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அண்ணன் கோலா கெத்திலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர்ப் பால் வெட்டும் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரும் பால் வெட்டப் போனார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் குலை அறுத்தார். அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார்.

அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது தோட்டத்து மாரியம்மன் கோவில் துப்பாக்கியைக் காக்கும் பொறுப்பு ஒன்றுதான். வாய்ப்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே காகிதம் வைத்து, மரக்கோலால் இடித்து இறுக்கும் அந்தக் காலத்துத் துப்பாக்கி அது. குண்டு கிடையாது, சத்தம் மட்டும். திருவிழாவில் அம்மன் ரதம் புறப்படும்போது மூன்று வேட்டு. போலீஸ் உரிமம் அண்ணன் பெயரில் இருந்தது.

அண்ணன் எதையும் எளிதில் நம்பமாட்டார். மருந்து நமுத்திருக்கிறதா என்று விரலில் தேய்த்துப் பார்ப்பார். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் குழாய் துருப்பிடித்துவிடும். அந்த வேலை என்னுடையது. கழுவிவிட்டேன் என்று நான் சொன்னாலும், கோலில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுப்பார். துணி கறுத்து வந்தால் தொலைந்தேன். "கொழாய கழுவுனியா, உன் கைய மட்டும் கழுவிட்டு வந்தியாடா?" என்பார். உள்ளூர எனக்கு அவரிடம் பயம்தான்.

இருபது வருடங்களுக்கு முந்திய திருவிழாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணன் துப்பாக்கியில் மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, ரதம் இழுக்கும் லோரி சேற்றில் புதைந்துவிட்டதென்று அவரைக் கூப்பிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். துப்பாக்கியை எடுத்தார், மருந்து போட்டார், சுட்டார். ஏற்கெனவே உள்ளே இருந்த மருந்தும் சேர்ந்து வெடித்ததில், தீப்பொறி தரும் கேப்பைச் செருகும் சிறு குழாய் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் வலது கண்ணில் அடித்தது.

கண் போயிற்று. அதோடு பெயரும் போயிற்று. மஞ்சள் துணி கட்டி விரதமிருந்த மனிதர், ரெண்டு தடவை மருந்து போடுகிற அளவுக்கு என்ன நிதானம் தப்பியிருப்பார்? பண்டார் பாருவிலிருந்து பார்க்க வந்த மாமா மருத்துவமனைக் கட்டில் பக்கத்திலேயே, "தண்ணி போட்டிருப்பான்லா, வேற என்ன?" என்றார். அண்ணன், "பாத்துட்டுத்தான் மாமா போட்டேன்" என்று மட்டும் சொன்னார். எப்படிப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு வரவேண்டிய, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை இன்னொருவருக்குப் போனது. கல்யாண வீடுகளில் பேசுகிற சாக்கில் அவர் வாயை மோப்பம் பிடித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் குடித்து வைத்த டம்ளரை நானும் எடுத்து முகர்ந்து பார்த்திருக்கிறேன். தேத்தண்ணி வாசம்தான் வந்தது. அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை.

துப்பாக்கியைப் பழுது பார்த்து, இடது தோளில் வைத்துச் சுடப் பழகிக்கொண்டார். ஆனால் என்னைக் கழுவ விடவில்லை. கோலை மட்டும் தனியாகப் பீரோவில் வைத்துப் பூட்டினார். என்னிடமிருந்து எதையோ மறைக்கிறார், அங்கே பாட்டில் இருக்கும் என்றே நினைத்தேன். கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் இருந்தபோதும் பீரோ சாவி அண்ணியின் இடுப்பில்தான் இருந்தது.

அண்ணன் மறைந்த இரண்டாம் வாரம், உரிமக்காரர் இல்லாத துப்பாக்கியை ஒப்படைக்க அண்ணியும் நானும் போலீஸ் பாலாய்க்குப் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்த போலீஸ்காரர் துப்பாக்கியைத் தொடாமலே, "கோசோங் கா?" என்றார். காலியா என்று எனக்கு எப்படித் தெரியும்? அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பையிலிருந்து துணி சுற்றிய கோலை எடுத்துக் குழாய்க்குள் விட்டார்.

"இந்தக் கோடு வாயோட சரியா நின்னா காலி. உள்ள மருந்து இருந்தா ரெண்டு விரக்கடை மேல தூக்கி நிக்கும். உங்க அண்ணன் இத பாக்காம மருந்து போட்டதே இல்ல தம்பி."

அவர் கோலை வெளியே இழுத்ததும் கேட்டேன், "கீழ இன்னொரு கோடு இருக்கே, அண்ணி?"

"அதான் பழைய கோடு. யாரோ கோலோட நுனிய வெட்டிட்டாங்க. குட்டக் கோலுல, மருந்து இருந்தாலும் காலின்னுதான் காட்டும். ஆஸ்பத்திரிலேருந்து வந்துதான் உங்க அண்ணன் கண்டுபுடிச்சி மேல புதுசா கீறுனாங்க. யாரு வெட்டுனான்னு கேட்டேன். தெரிஞ்ச பையன்தான், விடுன்னாங்க. தம்பி கண்ணுல மட்டும் இந்தக் கோல காட்டாதேன்னாங்க."

அந்தத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு, துப்பாக்கியைத் துடைக்கும்போது கோலின் நுனியை முறித்தவன் நான். திட்டுவாரென்று பயந்து, முறிந்த இடத்தைச் சீவி, புகைக்கரியும் எண்ணெயும் தேய்த்துப் பழசு போலாக்கி வைத்தேன். கோடு எதற்கென்று நான் அறிந்திருக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர், அந்தக் கோலை மட்டும் நம்பினார். கண்டுபிடித்த பிறகும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருபது வருடம் குடிகாரப் பட்டத்தைச் சுமந்தார். அண்ணா, எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், இறுதிக் காரியத்தில் தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும், கோவில் குழுவினருக்கும், பண்டார் பாரு மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் அண்ணன் குடித்தவர் இல்லை என்பதை இந்த மலர் போகாத வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள். துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது, கோலைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இன்று படையலில் அவர் படத்தருகே அதை வைத்திருக்கிறோம். கும்பிட்டு முடித்ததும் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான் நான் வெட்டியது.

இப்படிக்கு,
அண்ணனின் தம்பி