மூன்று ஊர் சுற்றிய கொள்ளு ரசம்

காலை ஆறரை மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். யுத்தத்தால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கரிப்புகையில் ஓடும் பஸ். ராசிபுரத்துக்குப் பதினேழு மைல், கட்டணம் ஆறணா. கொள்ளு ரசம் வைக்கும் பக்குவம் கேட்பதற்காக ஒருவன் இவ்வளவு தூரம் போகிறான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அஸ்தம்பட்டி வீட்டில் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுப் பன்னிரண்டு நாளாகியும் வாயில் ஒன்றும் இறங்கவில்லை. இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அப்பா கேட்பதோ ஒன்றே ஒன்று: அவருடைய ஆத்தா, அதாவது என் பாட்டி, வைத்த கொள்ளு ரசம். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து ஐம்பது வருஷமாகிறது. என் அம்மா நாற்பது வருஷமாக வைக்கும் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “இது அதில்ல” என்று வட்டிலைத் தள்ளுவது அவர் வழக்கம். தலைமுறை தலைமுறையாக வந்த பக்குவமாம். அவருடைய இரண்டு தங்கைகளுக்குத்தான் தெரியுமாம். நாத்தனார்களிடம் போய்க் கேட்க அம்மாவுக்கு ரோஷம். ஆகவே நான் கிளம்பினேன்.

மல்லூர் தாண்டியதும் ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது.

“ஏனுங்க, அல்லாரும் எறங்கித் தள்ளுங்க. கரி இன்னும் சூடு புடிக்கலீங்க” என்றார் டிரைவர்.

“காசு கொடுத்தது உட்கார்ந்து போகத்தானே?”

“உக்காந்துக்கலாமுங்க. பஸ்ஸுதான் வராது.”

இறங்கித் தள்ளினேன். வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி.

ஒன்பதரைக்கு ராசிபுரம். சின்ன அத்தை என்னைப் பேசவே விடவில்லை. “மொதல்ல சாப்புடு சாமி” என்று இலையைப் போட்டுவிட்டாள். கை கழுவியபின் பென்சிலை எடுத்தேன். கொள்ளு, மிளகு, சீரகம், பூண்டு, புளி.

“இதையேதானே அம்மாவும் போடுகிறாள்?”

“அப்ப எங்கக்காளைத்தான் கேக்கோணும். நான் அவ வெக்கறதைப் பாத்து வெக்கறவ” என்றாள். இதைச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

பெரிய அத்தை இருப்பது மல்லசமுத்திரத்தில், பன்னிரண்டு மைல். சாயங்காலம் வரை பஸ் இல்லை. கடலைக்காய் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து, இடுப்பு ஒடிய மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கும் இலை. அங்கும் “மொதல்ல சாப்புடு.” விழுங்கி முடித்து விஷயத்தைச் சொன்னதும் அத்தை கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“எங்காத்தா எங்க சாமி கொள்ளு ரசம் வெச்சா? அவ போறப்ப எனக்கு ஏழு வயசு, தங்கச்சி கைக்கொழந்தை. எங்களுக்கு ஆக்கிப் போட்டது உங்கப்பந்தான். பன்னண்டு வயசு அவருக்கு. கொள்ளை அடுப்புல வெச்சுட்டுத் தண்ணி எறைக்கப் போயிருவாரு. வந்து பாத்தா அடி புடிச்சிருக்கும். அதுலயே புளியைக் கரைச்சு ஊத்தி, ‘ஆத்தா இப்பிடித்தான் வெப்பா’ன்னு சொல்லித் திங்க வெப்பாரு. சொல்லிச் சொல்லி அவரே நம்பிப்போட்டாரு.”

“இத்தனை வருஷமாக ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?”

“ஆம்பளை அடுப்படியில நின்னான்னு பேரு வந்திருமுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. நானும் எங்கூட்ல கொஞ்சம் கரிய உட்டுத்தான் வெக்கறேன். தங்கச்சி அதைக் கவனிச்சிருக்க மாட்டா.”

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. பன்னிரண்டு வயசுப் பையன் மேல் இரக்கமும் வந்தது என்பது வேறு விஷயம். ஆனால் நாற்பது வருஷம் அம்மா கேட்ட “இது அதில்ல” யார் கணக்கில் போவது?

மறுநாள் காலை ஆட்டையாம்பட்டி வழியாக வந்த பஸ் பிடித்துப் பத்து மணிக்கு வீடு சேர்ந்தேன். அம்மாவைச் சமையலறைக்குள் அழைத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொள்ளைக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் வாசம் பிடித்து என் மனைவி ஓடிவந்தாள். “அத்தை, கொள்ளு கரியுதுங்க!”

“கரியட்டும்” என்றாள் அம்மா. “இத்தனை வருசமாக் கரியாமப் பாத்துப் பாத்து நாந்தான் கெடுத்துப்போட்டேன்.”

கட்டிலில் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். முதல் வட்டிலைக் கீழே வைக்காமல் குடித்தார். இரண்டாவதும் இறங்கியது. பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு, “நாப்பது வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் உனக்குச் சமைக்க வந்திருக்குது” என்றார்.

எனக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. பிறகு அவர் பக்கம் திரும்பி, “இன்னங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்று மட்டும் கேட்டாள்.