ஓட்டிஸின் கண்ணில் விழுந்த வெளிச்சம்

நம்பினால் நம்புங்கள். இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை. கூட்டுவதாக இருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியிருப்பேன்.

ஒஹாயோவில், டொலிடோ பக்கம் ஒரு நாய்க் காப்பகத்துக்குச் சம்பளமில்லாமல் படம் எடுத்துக் கொடுப்பவள் நான். ஓட்டிஸுக்கு வயது பதினொன்று. கறுப்பு நாய். வளர்த்த கிளாரன்ஸ் போன மாதம் இறந்துவிட்டார். கிழட்டுக் கறுப்பு நாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; படத்தில் கரிமூட்டை மாதிரித்தான் தெரியும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தால்தான் முகமே வரும். சனிக்கிழமை தத்தெடுப்பு நாள். அதற்குள் நல்ல படம் அமையாவிட்டால் அவனுக்கு வீடு கிடைக்காது.

கிளாரன்ஸின் தம்பி மகள் டோரீன் ஓட்டிஸின் படுக்கையோடு கிழவரின் போனையும் கொடுத்தாள்.

"பழைய படமெல்லாம் இருக்கு வெர்னா, எடுத்துக்கோங்க. பெரியப்பா குரல்ல ஒரு பதிவும் இருக்கும். அதை மட்டும் அவன் காதுல போட்டுடாதீங்க."

போடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

வியாழன், பிற்பகல் 3.40. வெளியே பனி. ஜன்னலோரம் அவனை உட்காரவைத்து, அவன் கண்மட்டத்துக்குத் தரையில் குப்புறப் படுத்தேன். ரப்பர் பொம்மையை அமுக்கிக் கீச்சிடவைத்தேன். கோழித்துண்டைக் காட்டினேன். ம்ஹூம். தொங்கிய தலை தொங்கியபடியே இருந்தது.

4.05. அந்தப் பதிவைப் போட்டேன். வெட்கங்கெட்டவள் நான்.

"ஓட்டிஸ்... இங்க வாடா ராசா..."

காது நிமிர்ந்தது. கண் பளிச்சிட்டது. க்ளிக்.

மறுபடி போட்டேன். மறுபடியும். அவன் மூலை மூலையாகத் தேடி முனகினான். எனக்குப் படம்தான் பெரிதாக இருந்தது. ஏழு தடவை போட்டேன்.

4.12. போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். கேமராவை எடுத்தேன்.

"இங்க வாடா..."

பையிலிருந்து இல்லை. என் இடது காதருகே. தரையோடு தரையாக...

ஓட்டிஸ் வாலை ஆட்டிக்கொண்டு வந்தான்.

என்னிடம் இல்லை.

விரல் தானாக அமுக்கியது. க்ளிக்.

என் பக்கத்தில் வெறும் தரையில் படுத்தான்... எதையோ நக்க ஆரம்பித்தான்.

நான் திரும்பவில்லை.

வீட்டில் அந்தக் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினேன். ஓட்டிஸின் கண்ணுக்குள் ஜன்னல். குப்புறப் படுத்த நான். பக்கத்தில் ஒருவர்... ஒருக்களித்து, ஒரு கையை நீட்டியபடி.

அதை யாருக்கும் காட்டவில்லை. முதலில் எடுத்த படத்தைத்தான் கொடுத்தேன். அதைப் பார்த்தே சனிக்கிழமை ஒரு தம்பதி அவனைக் கூட்டிப்போனார்கள். கண்ணில் என்ன உயிர் என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

போனைத் திருப்பித் தரும்போது, அது என்ன பதிவு என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

டோரீன் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"பெரியப்பா சமையலறையில விழுந்துட்டாரு. எனக்குப் போன் பண்ணப் போய்த் தெரியாம பதிவை அமுக்கியிருக்காரு, போனும் கைநழுவி எட்டாம போயிடுச்சு. ஓட்டிஸ் துணி துவைக்கிற ரூம்ல, கதவு சாத்தியிருந்துச்சு. கையை அந்தக் கதவுப் பக்கம் நீட்டிக்கிட்டு ஒருக்களிச்சுக் கிடந்தாரு. ரெண்டு நாள் கூப்பிட்டிருக்காரு வெர்னா. அவனால போகமுடியல. நாங்க போறப்போ கதவெல்லாம் ஒரே ரத்தம்... அவன் நகத்துல ஒண்ணுகூட மிச்சமில்ல."