மூணு கொம்பனுக்குத் தீனி

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் ரயில் கிளம்பியது. தொண்ணூறு கிலோமீட்டர். ஜன்னலோரம் என் மகள் நஸ்ரின், வயது ஒன்பது. என் பையில் காய்ச்சல் மாத்திரை, தெர்மாமீட்டர், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மூன்று சுவெட்டர்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று எதற்கு என்று என் மனைவி கேட்கவில்லை. மூன்றாவதை மடித்து வைத்ததே அவள்தான்.

மழைக்காலத் தொடக்கத்தில் நஸ்ரினுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டாள். ஆனாலும் அவள் தூங்கும்போது இன்னும் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். காய்ச்சலுக்கு முன் அவள் உலகமே டைனோசர்கள்தான். சாப்பாட்டிலும் குளியலிலும் நம் வாய்க்குள் நுழையாத பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். எது எதைக் கடித்தது, எதன் பல் எத்தனை அங்குலம் என்று ஓயாத பேச்சு.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் வெண்ணிலா என்றொரு சிறுமி இருந்தாள். அவள் ஊசிக்கு அழுதபோது நஸ்ரின் தன் செல்லப் பொம்மையைக் கொடுத்தாள். மூன்று கொம்புள்ள டைனோசர் அது. அதன் நீளப் பெயர் வெண்ணிலாவுக்கு வரவில்லை, இருவருமாக 'மூணு கொம்பன்' என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு விடியற்காலையில் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நஸ்ரினிடம் சொன்னோம். அவள் எதுவும் கேட்கவில்லை. வீடு திரும்பியதும் மீதிப் பொம்மைகளை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டினாள். "எல்லாம் செத்துப்போனதுதானே அத்தா" என்றாள் என்னிடம். அதன்பின் ஒரு பெயரும் அவள் வாயிலிருந்து வரவில்லை. அந்தத் தொணதொணப்புக்காக எங்கள் வீடு ஏங்கிக் கிடக்கிறது.

என் மனைவியின் அண்ணன் காதர், போடிமெட்டுக்கு அப்பால் கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே ஓடையோரம் மரமாக வளரும் பெரணி உண்டு. டைனோசர்கள் மேய்ந்த காலத்திலேயே இருந்த இனம். அதைக் கண்டால் மறுபடி பேசுவாள் என்று நினைத்தேன். அதற்குத்தான் இந்தப் பயணம்.

தேனி தாண்டியதும் மலை ஜன்னலை நிறைத்தது. "இங்க தோண்டுனா எலும்பு கிடைக்குமாம்மா?" என்று தூண்டிலிட்டேன்.

"கிடைக்காது. இந்தப் பாறை அதுகளுக்கெல்லாம் ரொம்ப முந்தினது" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

அன்றிரவு தங்கியது போடியில், காதர் வீட்டில். சனிக்கிழமை, காலை ஆறு மணி. காதர் மச்சானின் ஜீப்பில் பின்னால் ஆறு பெண்கள், ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். மச்சான் என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, ஆஸ்பத்திரியவே கொண்டாந்துட்டீகளா? வெரசா ஏறுங்க, சோலி கெடக்கு."

முந்தல் செக்போஸ்டுக்குப் பிறகு ஏற்றம். போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நான் கம்பியைப் பிடித்தேன், பெண்கள் வெற்றிலை மடித்தார்கள். கீழே போடி ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியது. மெட்டில் பனி முகத்தில் அறைந்தது. டீ பதினைந்து ரூபாய். நஸ்ரினுக்கு இரண்டாவது சுவெட்டரையும் மாட்டினேன்.

பூப்பாறை ரோட்டில் நான்கு கிலோமீட்டர் போய் மண்பாதையில் இறங்கினோம். ஆள் உயர ஏலச்செடிகள், மேலே பெருமரங்களின் நிழல், காலடியில் ஈரம். ஓடையோரம் நின்றது பெரணி. இரண்டாள் உயரம், கரிய சொரசொரத் தண்டு, உச்சியில் குடையாக விரிந்த இலைகள், நடுவே குரங்கு வாலைப் போலச் சுருண்ட குருத்து. ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். நஸ்ரின் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்த்தா" என்றாள். கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான்.

நண்பகலில் பெண்கள் தூக்குச்சட்டிகளோடு அங்கேயே வந்தார்கள். அவர்களில் மூத்தவரான பேச்சியம்மா கேட்டார்: "இதப் பாக்கவா மதுரையிலருந்து வந்தீக? இந்த ஓடை நெடுக நிக்குதே!"

"பாப்பா பாக்க வந்தது இதத் தின்ன ஆளை" என்றார் மச்சான். "டைனோசரு. யானைக்கு அண்ணன்."

யானை நடமாடும் காடு அது, பேச்சியம்மா பதறினார்: "அண்ணே, பேரச் சொல்லாதீக! பெரியவருன்னு சொல்லுங்க. கூப்புட்டோம்னு வந்துரப்போறாரு."

"சரி ஆத்தா. நம்ம பெரியவர விட ரெண்டு மடங்கு பெருசு."

"ரெண்டு இல்ல மாமா." நஸ்ரினால் அந்தப் பிழையைப் பொறுக்க முடியவில்லை. "பத்து மடங்கு."

"பத்தா? புளுகாத ஆத்தா" என்றார் மச்சான்.

"நெசமாத்தான்! கழுத்தே மூணு ஜீப்பு நீளம்."

"அம்புட்டுக் கழுத்துல ஒரு வாய்ச் சோறு எறங்க எந்நேரமாகும்? காலையில தின்னது பொழுது சாய வயித்துக்குப் போகுமா?" என்றார் பேச்சியம்மா.

பெண்கள் சிரித்தார்கள். நஸ்ரினும் சிரித்தாள். பிறகு அணை உடைந்ததைப் போலப் பெயர்கள் வந்தன. வாலால் அடிப்பவை, முதுகில் தகடு உள்ளவை, பறப்பவை. நான் ஓடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"இப்ப அதுக எங்க இருக்குக?" என்று பேச்சியம்மா கேட்டார்.

நான் பயந்த கேள்வி.

"செத்துப்போச்சு."

"ஒண்ணுகூடவா மிச்சமில்ல?"

"ஒண்ணுகூட."

பேச்சியம்மாவின் சோற்றுக் கை சட்டியிலேயே நின்றது. "அய்யோ பாவமே" என்றார். "குட்டிகளுமா?" பக்கத்து வீட்டு இழவைக் கேட்டவர் போல அவர் முகம் வாடிவிட்டது.

நஸ்ரின் அவரையே பார்த்தாள். பிறகு என்னை.

"வெண்ணிலாவும் செத்துட்டாள்ல அத்தா?"

பையில் எல்லாவற்றுக்கும் மாத்திரை இருந்தது.

"ஆமாம்மா."

"வார்டு மாத்தலைல?"

"மாத்தலை."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது உடம்பு குலுங்க அழுதாள். கையில் சோறு ஒட்டியிருந்ததால் பேச்சியம்மா முழங்கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

"மூணு கொம்பன்?" என்றாள் வெகுநேரம் கழித்து.

"அவகூடத்தான் இருக்கு. அவங்க அப்பா அவ கையிலயே வச்சுத்தான் தூக்கிட்டுப் போனாரு. நான் பாத்தேன்."

மாலை ரயிலுக்கு மச்சான் கொண்டுவந்து விட்டார். மலையிறங்கிய காதுகள் இன்னும் அடைத்திருந்தன. போடி ஸ்டேஷனில் வெக்கை, சுவெட்டர்கள் பைக்குத் திரும்பின. வண்டி நகர்ந்தது. மதுரையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிகளும் கேபிள் வயர்களும்தான் தெரியும். இங்கே வானத்தில் பாதியை மலை எடுத்துக்கொள்கிறது. நஸ்ரின் ஜன்னல் கம்பியில் நெற்றியைப் பதித்திருந்தாள்.

"அத்தா, மூணு கொம்பன் என்ன திங்கும்னு வெண்ணிலாகிட்ட நான் சொல்லவே இல்ல."

"என்ன திங்கும்?"

"பெரணி."

மலை நீலமாகி, கறுத்து, விலகிக்கொண்டிருந்தது. அங்கே ஓடையோரப் பனியில் அந்தப் பெரணி, தின்ன வர யாருமில்லாமல், குருத்தை விரித்துக்கொண்டிருக்கும்.