ஒரு டெசிபல் இடம்

என் அண்ணன் தீனதயாளன் ஆட்டையாம்பட்டியில் பாட்டு ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். சுற்றிலும் விசைத்தறிகள். ஷிப்ட் மாறுகையில் அவை நிற்கும் கால்மணி நேரத்தில்தான் குரல் எடுப்பார்.

அவருக்கு ஒரு பிடிவாதம். பாட்டை முடித்துக் கோப்பாக வெளியே எடுக்கும்போது, அதன் மிக உரத்த இடம்கூட சத்த அளவுகோலின் உச்சியான சுழியத்தைத் தொடக் கூடாது. ஒரு டெசிபலாவது கீழே நிற்க வேண்டும். எம்பித்ரீயாக மாற்றினால் சத்தம் கொஞ்சம் எகிறும், இடம் விடாவிட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுக் குரல் கிழியும் என்பார். "குடத்தத் தூக்கிட்டு நடக்கோணும்னா விளிம்பு வரைக்கும் ரொப்புவியா?"

மூன்று வருடங்களுக்கு முன் மாரியம்மன் பண்டிகைக்காக, தறிக்கூடத்தில் நூல் சுற்றும் முத்தாயம்மாளைப் பாட வைத்தார். அந்த அம்மாள் மைக் முன் நின்றது அதுவே முதல் தடவை. முடிவில் "தாயே" என்று ஓங்கி ஒரு கூப்பிடு வரும். அதற்காகவே பாட்டு முழுவதையும் தாழ்த்தி வைத்தார் அண்ணன்.

கோயிலுக்கு மைக்செட் கட்டியவர் ரமேஷ்குமார். அண்ணனோடு கல்லூரியில் படித்தவர்; பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. காலையில் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தபோது ஊர்க்காரர்கள், "என்னப்பா, கொசு பாடற மாதிரி இருக்குது?" என்றார்களாம். எங்கள் பக்கத்தில் அடுத்த ஊருக்குக் கேட்டால்தான் அது பாட்டு.

சாயங்காலம் கூட்டத்தின் நடுவே அந்தக் கூப்பிடு தகரம் கிழிவதுபோல் கரகரத்தது. "ஆத்தாளுக்கே காது போயிருமாட்டிருக்குது!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முத்தாயம்மாள் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஏஞ்சாமி, என்ற கொரலு அப்புடித்தான் இருக்குதா?"

அண்ணன் திரும்பி, சாப்பிட வந்திருந்த ரமேஷைப் பார்த்தார்.

"நீ குடுத்தத அப்புடியேதான் போட்டேன். நான் கையே வெக்கல" என்றார் ரமேஷ்.

அண்ணன் பேசவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு முத்தாயம்மாள் போனார். பிறகு தறிக்கூடத்தில்கூட அவர் பாடிக் கேட்டவர் இல்லை.

போன தை மாதம் மாரடைப்பில் அண்ணன் இறந்தார். காரியத்தன்று பாட முத்தாயம்மாளைக் கூப்பிட்டிருந்தேன்; அவர் வரவில்லை. அவருடைய லேப்டாப்பில் அந்தப் பாட்டு இரண்டு கோப்புகளாக இருந்தது. ஒன்றில் அலைகள் மேடும் பள்ளமுமாக, உச்சி ஒரு டெசிபல் கீழே. இன்னொன்றில் சத்தத்தை ஏற்றியதில் தலைகளெல்லாம் மட்டமாக வெட்டுப்பட்டிருந்தன. அதன்மேல் 'ரமேஷ் பென்டிரைவில் இருந்தது' என்று அண்ணனே பெயரிட்டிருந்தார். தேதி, பண்டிகை நாள் இரவு.

அப்படியானால் முத்தாயம்மாள் வாசலில் நின்றபோது அண்ணனுக்கு எல்லாம் தெரியும். ரமேஷ் பொய் சொன்னதை என்னால் தாங்க முடிந்தது. இதைத்தான் முடியவில்லை.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முத்தாயம்மாள் வீட்டுக்குப் போனேன். ஹெட்போனை மாட்டிவிட்டு முதல் கோப்பைப் போட்டேன். அந்தக் கூப்பிடு வரும்வரை அசையாமல் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு அண்ணனைப் பற்றி, "தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்க."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"காரியத்தன்னிக்கு என்னையப் பாடச் சொன்னியே சாமி. இந்தக் கொரல்ல பாடுனா தம்பிக்கு அவமானமாப் போயிருமேன்னுதான் நான் வரல."