கண்ணாடிக்காரன் பேடல் ஆடிய கதை

கள்ளக்குறிச்சியில் இருபது வருடமாக அலுமினியம், கண்ணாடி வேலை செய்கிறேன். நகைக்கடை முகப்பு, கிளினிக் தடுப்பு, மண்டபத்துக் கதவு என்று மாட்டாத இடமில்லை. இந்தத் தொழிலில் அடிப்படை ஒன்றுதான்: கண்ணாடி மேல் எதுவும் மோதக் கூடாது. அதனால், ரைஸ் மில் முதலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பந்தால் அடிப்பதற்கென்றே ஒரு கண்ணாடிக் கூண்டு வேண்டும் என்று கேட்டபோது, இவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

அவர் துபாயில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அங்கே மகளும் மருமகனும் பேடல் என்று ஓர் ஆட்டம் ஆடுவார்களாம். டென்னிஸ் போல நடுவில் வலை. ஆனால் மைதானத்தின் இரண்டு கோடியிலும் ஆளுயரத்தைத் தாண்டிய கண்ணாடிச் சுவர், பக்கங்களில் கம்பிவலை. ஒரு மாதம் முழுக்க இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஒருநாள்கூட யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

"நம்மளே ஒண்ணு கட்டிக்கலாம்னு அங்கியே முடிவு பண்ணிட்டேம்பா" என்றார்.

மில்லுக்குப் பின்னால் நெல் காயப்போடும் களத்தில் பாதி அதற்குப் போனது. சென்னையிலிருந்து லாரியில், சூடேற்றிக் கெட்டிப்படுத்திய டஃபன் கண்ணாடிகள் வந்தன. நானும் என் மனைவியும் மூன்று வாரம் நின்று மாட்டினோம். அளவெடுப்பது, இடுக்குகளில் சிலிக்கான் பசை அடிப்பது எல்லாம் அவள்தான். வேலை நடக்கும்போது ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மீன் பண்ணை என்றார் ஒருவர். இன்னொருவர் கூண்டைச் சுற்றி வந்து, "இன்னா மிருகம் வருது?" என்று மிகவும் அக்கறையாக விசாரித்தார்.

மிருகம் வரவில்லை. ஆட ஆளும் வரவில்லை. பேடலை நாலு பேர் ஆட வேண்டும், அணிக்கு இரண்டு பேர். முதலாளி ஒருவர். மூன்று வாரம் உள்ளேயே நின்றவன் என்பதால் எனக்கு அனுபவம் இருப்பதாக அவர் முடிவு செய்துவிட்டார். என் மனைவி மூன்றாவது. நாலாவது ஆளாக, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து சாமை குத்த வந்திருந்த விவசாயி ஒருவர் அகப்பட்டார். மில்லில் பெல்ட் அறுந்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மூட்டைமேல் காத்திருந்தார்.

"சும்மா தான குந்திக்கினு இருக்கீங்க, வாங்க" என்றார் முதலாளி.

மலைக்காரர் கூண்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"ஐயோ, செருப்பு இல்லாம ஆடக் கூடாதுங்க. ஷூ தரேன்" என்றார் முதலாளி.

"பயிரு இம்மாம் பச்சையா இருக்குது, மிதிக்கலாமுங்களா?"

அது பிளாஸ்டிக் புல் என்று விளக்கிச் சொல்லி அவரை உள்ளே கூட்டிவந்தோம்.

முதலாளியின் மகள்தான் பயிற்சியாளர். வீடியோ காலில் அவளை வரவழைத்து, போனைக் கம்பிவலையில் கட்டுக்கம்பியால் கட்டினேன். முதல் பாடம் மட்டை. நரம்பு கிடையாது, கெட்டியான பலகையில் வரிசையாக ஓட்டைகள்.

"பூந்திக் கரண்டிங்க இது" என்றாள் என் மனைவி.

"அந்தக் கயிற மணிக்கட்டுல மாட்டிக்குங்க அக்கா. இல்லன்னா கரண்டி பறந்துடும்" என்றது போன்.

இரண்டாவது பாடம் சர்வீஸ். பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி, இடுப்புக்கு மேலே போகாமல், எதிர்ப்பக்கம் குறுக்குக் கட்டத்தில் விழும்படி அடிக்க வேண்டும். மலைக்காரர் கையைத் தூக்கினார்.

"யாரு இடுப்புங்கம்மா?"

நியாயமான கேள்வி. முதலாளி ஆறடி, அவர் ஐந்து. அடிப்பவரின் இடுப்புதான் கணக்கு என்றாள் மகள். அவர் வேட்டியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டார்.

அடுத்தது பாயிண்ட். ஒன்றும் எடுக்காதவர்களுக்கு 'லவ்' என்று சொல்ல வேண்டுமாம். முதலாளி என் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருமினார்.

"நமக்கு முட்டைன்னு வச்சிக்கலாம்" என்றார்.

அதற்கு மேல் பதினைந்து, முப்பது, நாற்பது.

"நாப்பத்தஞ்சு தானுங்களே வரணும்?" என்றார் மலைக்காரர். அது அப்படித்தான் என்றாள் மகள். அஞ்சைக் குறைத்தது யார் என்று முதலாளிக்கே கோபம் வந்து, இந்த மில்லில் நாற்பத்தைந்துதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. நானும் மலைக்காரரும் ஒரு பக்கம். பந்து தரையில் ஒருமுறை குத்தி, எழும்பி, எங்கள் பின்கண்ணாடியை நோக்கிப் போனது. நான் பாய்ந்து போய் நெஞ்சால் தடுத்தேன்.

"அண்ணா, கண்ணாடில பட விடுங்க! பட்டுத் திரும்புனதும் அடிக்கணும்" என்று கத்தினாள் மகள்.

விடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கால் கேட்கவில்லை. அடுத்த பந்துக்கு முதுகைக் கொடுத்தேன். அதற்கடுத்ததற்கு, விரித்த கைகளோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன்.

"இவரு எம் பக்கமா, கண்ணாடி பக்கமா?" என்று மலைக்காரர் என் மனைவியைக் கேட்டார்.

"வூட்லயும் இப்பிடித்தாங்க. ஜன்னல்ல காக்கா குந்துனாக்கூட எழுந்து ஓடுவாரு" என்றாள் அவள்.

நாங்கள் முட்டையிலேயே இருந்தோம். முதலாளி அலுத்துப்போய் டீ சொன்னார். நாலு பேரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். கூண்டுக்குள் யாருமில்லை, பந்துகூட இல்லை. இரண்டாவது வாய் டீ குடிக்கும்போது வெடிச்சத்தம். எதிர்ப்பக்கப் பின்சுவரின் நடுக்கண்ணாடி மொத்தமும் பொடிப்பொடியாகி, கல்லுப்பு கொட்டினதுபோலக் கீழே விழுந்தது.

நான் எழுந்து குதித்தேன்.

"பாத்தீங்களா! யாரும் தொடல! பாத்தீங்க இல்ல?"

டஃபன் கண்ணாடிக்கு அப்படி ஒரு குணம் உண்டு. உள்ளே ஊசிமுனை அளவு அழுக்கு இருந்தால் என்றைக்காவது தானாகவே வெடிக்கும். இருபது வருடமாக வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லிவருகிறேன், ஒருவரும் நம்பியதில்லை. இன்று மூன்று பேரும் போனில் ஒருத்தியும் சாட்சி. நான் மலைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினேன். இவனுக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோல முதலாளி என்னைப் பார்த்தார். புதுக் கண்ணாடியைக் கம்பெனியிலிருந்து நானே வரவழைத்துத் தருவதாகச் சொன்ன பிறகுதான் அவர் முகம் சரியானது.

பொடியைக் கூட்டி அள்ளினோம். காலியான இடத்தில் நெல் மூடும் தார்ப்பாயைக் கட்டினோம். மறுபடி ஆடியபோது என் உடம்பு எனக்கே புதிதாக இருந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பந்துக்காகப் பேசாமல் காத்திருந்தேன். அது தானாகவே கைக்கு வந்தது. அவசரப்படாதவனுக்கு இந்த ஆட்டம் இரண்டாம் தடவையும் பந்தைக் கொடுக்கிறது என்று புரிந்தது. ஒருமுறை வேண்டுமென்றே எங்கள் கண்ணாடியிலேயே ஓங்கி அடித்தேன். பந்து என் தலைக்கு மேலே திரும்பி, வலையைத் தாண்டி, என் மனைவியின் காலடியில் குத்திப் போனது.

"இது செல்லுமா?" என்று அவள் போனைக் கேட்டாள்.

"செல்லும் அக்கா!"

"அப்ப இன்னொரு தடவ அடிக்கட்டும், பாக்குறேன்" என்று மட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

சாமை எப்போதோ அரைபட்டு மூட்டையாகியிருந்தது. வந்து சொன்ன மில் ஆளை மலைக்காரரே "இருப்பா, இருப்பா" என்று விரட்டிவிட்டார். ஆட்டம் முடிந்து பார்த்தால் வெள்ளிமலை பஸ் போய்விட்டிருந்தது. முதலாளியே மினி லாரியை எடுத்தார். அவர் பக்கத்தில் என் மனைவி, பின்னால் மூட்டைமேல் நானும் மலைக்காரரும். மலை வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் அவர் காற்றில் ஒரு சர்வீஸ் அடித்துப் பார்த்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழேதான்.

அவர் வீட்டு முன்னால் மூட்டைகளை இறக்கினோம். முதலாளி தயங்கி, "அடுத்து எப்ப வருவீங்க?" என்றார்.

"வர்ற வாரம் தினை எடுத்துக்கினு வரேங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "தினை இன்னும் அறுக்கவே இல்லியே!"

"அத அறுக்கும்போது அறுத்துக்கலாம். நான் வரேங்க" என்றார் அவர்.