மணி அடித்தால் மின்னும் வீடு

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கெடுப்பது அவருடைய வேலை. தெருவில் 'மீட்டர்காரர்' என்றால்தான் தெரியும். ஊரே கரண்டை வாரி இறைப்பதை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிற மனிதர், தன் வீட்டில் ஒரு பல்பு வீணாக எரிந்தால் சும்மா விடுவாரா? அறையை விட்டு வெளியே கால் வைக்கும்போதே கை தானாகச் சுவருக்குப் போகும். டப்! உள்ளே ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். ஒருமுறை மைத்துனர் முகம் முழுக்கச் சோப்போடு குளியலறை இருட்டில் நின்றுகொண்டு, "அத்தான், உள்ள நான் இருக்கேன்!" என்று அலறியதை உறவுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் மனைவி முன்னறையில் மெஷினைப் போட்டுத் துணி தைக்கிறாள். அவள் கைபட்ட உடுப்பு உடம்பில் அப்படி உட்காரும். ஆனால் இரண்டு வருடமாகக் காது மந்தம். காதுக் கருவியை மாட்டிக்கொண்டு மெஷினை ஓட்டினால் தலைக்குள் ரயில் ஓடுகிறதாம். வேலை நேரத்தில் கழற்றி வைத்துவிடுவாள். வந்தவர்கள் வாசலில் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த தெருத் தையற்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். நெடுநாள் வாடிக்கையான டீச்சரும் போய்விட்டார்.

"மெஷினை வித்துடலாங்க. நம்பி வர்றவங்களை வாசல்லயே நிக்க வெச்சு அனுப்புறேன். எனக்கே அசிங்கமா இருக்கு" என்றாள் ஒருநாள்.

மீட்டர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தால்தான் அவள் முகத்துக்குக் களையே வரும். அது போய்விட்டால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள்தான் போனில் வழி சொன்னாள். மணியை அழுத்தினால் பல்புகள் மின்னும்படி செய்யலாமாம். மணியும் மூன்று பல்புகளும் வந்து இறங்கின. பல்பைப் போனோடு சேர்க்க, சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டு அணைக்க வேண்டுமாம். காரணமில்லாமல் ஒரு சுவிட்சைத் தொட்டறியாத மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் செய்தார். பல்புக்குப் பெயர் வைக்கச் சொன்னது போன். 'ஒன்பது வாட்' என்று வைத்தார். வேறென்ன வைப்பார்?

வாசலுக்குப் போய் மணியை அழுத்தினார். முன்னறை முழுக்க நீல வெளிச்சம் மின்னியது. மனைவி மெஷினை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"ஐயையோ, மின்னல் வெட்டின மாதிரி இருக்கே! இன்னொரு தடவை அடிங்க!"

அவர் கேட்டபடியெல்லாம் அடித்தார். மறுநாள் கணக்கெடுக்கப் போன இடத்தில் டீச்சரைப் பிடித்து, "ஒரே ஒரு தடவை வந்து பாருங்க டீச்சர். கதவு திறக்கலைன்னா என்னைக் கேளுங்க" என்று வாக்குக் கொடுத்தார்.

டீச்சர் அடுத்த நாளே வந்தார். கதவு திறக்கவில்லை. தெருமுனையில் மீட்டர்காரரைப் பார்த்ததும் டீச்சர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என் விரல்தான் தேஞ்சுது. உங்க பேச்சைக் கேட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

மீட்டர்காரர் வீட்டுக்கு ஓடினார். உள்ளே மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பல்புகள் தொடர்பில் இல்லை என்றது போன். மகளைக் கூப்பிட்டார்.

"சுவர்ல இருக்கிற சுவிட்ச் எப்பவும் ஆன்லயே இருக்கணும்ப்பா. எரியணுமா வேண்டாமாங்கறதை போன் பார்த்துக்கும். அது ஆன்ல இருக்கா?"

திரும்பிப் பார்த்தார். அணைந்திருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது யார் கை அந்தச் சுவருக்குப் போயிருக்கும் என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவருக்கு. மனைவி முன்னால் போய், அவள் முகம் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"டீச்சர் வந்திருக்காங்க. மணி அடிச்சிருக்காங்க. நான்தான் சுவிட்சை அணைச்சுட்டுப் போயிட்டேன்."

அவள் முறைத்தாள். "இந்தக் கையை என்ன பண்றது?"

"கையைத் திருத்த முடியாதும்மா. சுவிட்சை எடுத்துடுறேன்."

மெயினை அணைத்துவிட்டு சுவிட்சைக் கழற்றினார். ஒயரை நேராக இணைத்து, மேலே வெறும் மூடியைத் திருகினார். டீச்சரிடம் மறுபடி போய், வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கெஞ்சி வரவழைத்தார். இம்முறை மணியிலிருந்து விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது. டீச்சர் இரண்டு கவுனுக்கு அளவு கொடுத்தார்; போகிற வழியெல்லாம் நீல வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். மெஷினை விற்கும் பேச்சு அதோடு நின்றது. மீட்டர்காரரின் கை மட்டும் இன்னமும் காலையில் சுவருக்குப் போய், வழவழப்பான மூடியைத் தடவிவிட்டு அசடு வழியத் திரும்புகிறது.

அந்த வாரக் கடைசியில் ஒரு மாலை, வேலை முடிந்து வந்தவர் வாசலில் நின்றார். மணி அடித்துப் பயனில்லை என்று ஆனபிறகு, இரண்டு வருடமாக அவரே சாவி போட்டுத் திறந்து, தன் பாட்டுக்கு உள்ளே போவது வழக்கம். அன்று மணியை அழுத்தினார். கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வந்து திறந்தாள்.

"சாவியைத் தொலைச்சுட்டீங்களா?"

"பையிலதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு அடிச்சீங்க?"

"நீ வந்து திறந்து எவ்வளவு நாளாச்சு!"

அவள் கதவை நன்றாகத் திறந்து விட்டாள். "வாங்க" என்றாள்.